காத்திருப்புக் கலன்களை எடுத்துவிட்டால்: உயிரி மருந்து உற்பத்தி பேட்சிலிருந்து தொடர் ஓட்டத்துக்கு

மருந்தாகப் பயன்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே வகையான எதிர்ப்புப் புரதம்) தயாராகும் ஆலைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பெரிய பெரிய எஃகுக் கலன்கள்தான். செல்கள் வளரும் பயோரியாக்டர் 10,000 லிட்டர் இருக்கும், 15,000 இருக்கும், 20,000 லிட்டர்கூட உண்டு. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சுற்றியுள்ள கலன்களில் பலவற்றுக்குள் எதுவுமே நடப்பதில்லை. ஒரு படி முடிந்துவிட்டது, அடுத்த படிக்காகத் திரவம் நின்றுகொண்டிருக்கிறது. மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, முடிவு வர வேண்டும். அல்லது அடுத்த வடிகட்டி இன்னும் தயாராகவில்லை. அல்லது அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்துதான் தொடங்க வேண்டும்.

படிகளுக்கு இடையில் நிறுத்தாமல் திரவத்தை ஓடவிடும் தொடர் உற்பத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இந்தக் காத்திருப்பை வீண் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தக் கலன் நிற்கும் இடத்தில்தான் ஒருவர் முடிவுத்தாளைப் பார்த்து, 'சரி, அடுத்த படிக்குப் போகலாம்' என்று கையெழுத்துப் போடுகிறார். கலனை எடுத்துவிட்டு அங்கே ஒரு குழாயை மாட்டினால் அந்தக் கையெழுத்து எங்கே போகும்? ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்திச் செய்யும் பேட்ச் முறையை விட்டுத் தொடர் ஓட்டத்துக்கு மாறுவதில் இருக்கும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

இப்போது எப்படி நடக்கிறது

இன்று பரவலாக இருக்கும் முறைக்குப் பெயர் ஃபெட்-பேட்ச். சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து 1950-களின் கடைசியில் பிரித்தெடுக்கப்பட்ட செல்களின் வழித்தோன்றல்கள்தான் பெரும்பாலான ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. சிறு குப்பியில் தொடங்கி, படிப்படியாகப் பெருக்கி, கடைசியில் பெரிய கலனுக்கு மாற்றுவார்கள். அங்கே 10 முதல் 14 நாள் வளர்ப்பு. நடுநடுவே குளுக்கோசும் அமினோ அமிலங்களும் ஊட்டுவார்கள், ஆனால் அறுவடைவரை திரவத்தை வெளியே எடுப்பதில்லை. செல்கள் மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவில் பெருகும். கூடவே கழிவாக லாக்டேட்டும் அம்மோனியாவும் சேரும். ஒரு கட்டத்துக்கு மேல் செல்கள் சாகத் தொடங்கும். முழுக்கச் செத்து, உள்ளிருக்கும் நொதிகள் எல்லாம் வெளியே கொட்டிப் புரதத்தை அரிப்பதற்குள் அறுவடை செய்துவிட வேண்டும்.

அப்புறம் சுத்திகரிப்பு. மையவிலக்கில் செல்களை நீக்குவது, ஆழ வடிகட்டி, புரோட்டீன்-ஏ குரோமட்டோகிராஃபி (தூண் வடிவக் குழலில் நிரப்பிய பொருளின் வழியே திரவத்தை ஓட்டி வேண்டிய புரதத்தைப் பிரிப்பது), அமிலத்தில் வைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்வது, மேலும் ஒன்றிரண்டு குரோமட்டோகிராஃபி படிகள், 20 நானோமீட்டர் அளவுத் துளைகள் கொண்ட வைரஸ் வடிகட்டி, கடைசியில் செறிவூட்டி பஃபரை (புரதம் கரைந்திருக்கும் உப்புக் கரைசலை) மாற்றுவது. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரு கலன்.

இந்த முறை இவ்வளவு காலம் கோலோச்சியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. 1980-களில் ஒரு லிட்டர் திரவத்தில் சில பத்து மில்லிகிராம் புரதம் கிடைத்தாலே பெரிய விஷயம். செல் வகையையும், செல்கள் வளரும் சத்துத் திரவமான ஊடகத்தையும் மேம்படுத்தி மேம்படுத்தி இன்று லிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் எடுக்கிறார்கள். 15,000 லிட்டர் கலனில் லிட்டருக்கு 5 கிராம் என்றால் ஒரே ஓட்டத்தில் 75 கிலோ. நோயாளி ஒருவருக்கு ஒரு தடவைக்குச் சில நூறு மில்லிகிராம் போதும் என்ற நிலையில் 75 கிலோ எத்தனை டோஸ் என்று யோசித்துப் பாருங்கள். ஃபெட்-பேட்ச் அவ்வளவு நன்றாக வளர்ந்ததாலேயே மற்ற வழிகளைத் தேட வேண்டிய நெருக்கடி பலருக்கு வரவில்லை.

பாதி ஓட்டம் பழைய விஷயம்

தொடர் உற்பத்தியை நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அதன் முன்பாதி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளுக்கான ஃபேக்டர் 8 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2,332 அமினோ அமிலங்கள் கோத்த மாபெரும் மூலக்கூறு. எளிதில் உடையும். அதை 37 டிகிரி வெப்பத்தில், நொதிகள் கலந்த திரவத்தில், பத்து நாள் ஊற வைத்தால் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் 1993-இல் அமெரிக்க அனுமதி பெற்ற பேயரின் கோஜெனேட், பெர்ஃப்யூஷன் முறையில் தயாரானது. செல்களைக் கலனுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு, புதிய ஊடகத்தை இடைவிடாமல் ஊற்றி, புரதம் கலந்த திரவத்தை இடைவிடாமல் எடுப்பதுதான் பெர்ஃப்யூஷன். கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கான செரிசைம் 1994-இல் வந்தது, அதுவும் இதே வழி. 1998-இல் வந்த ரெமிகேட் ஆன்டிபாடியும் பெர்ஃப்யூஷன்தான்.

ஆனால் அங்கெல்லாம் ஓட்டம் பாதி வழியில் நின்றது. வெளியே வந்த திரவத்தைச் சில நாட்களுக்குச் சேகரித்து, குளிரவைத்து, அப்புறம் அதை வழக்கம்போல் பேட்ச் பேட்சாகச் சுத்திகரித்தார்கள். முன்பாதி ஆறு, பின்பாதி ஏரி.

பெர்ஃப்யூஷன் எப்படி இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். பயோரியாக்டரின் பக்கத்தில் ஒரு குழலுறை நிற்கும். அதற்குள் மெல்லிய உள்ளீடற்ற இழைகள் கட்டுக்கட்டாக நிறைந்திருக்கும். இழையின் உள்விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர், சுவரில் உள்ள துளைகள் பெரும்பாலும் 0.2 மைக்ரான். கீழே ஒரு டயஃப்ராம் பம்ப். அது கலனிலிருந்து திரவத்தை இழைகளின் வழியே கீழே இழுக்கும், உடனே மேலே தள்ளும். மூச்சு விடுவதுபோல இப்படியே இரவும் பகலும் வாரக்கணக்கில் நடக்கும். திசை மாறி மாறி ஓடுவதால் இழைச் சுவரில் ஒட்டுகிற செல்களும் கசடும் கழுவப்பட்டுப் போகும். செல்கள் கலனுக்கே திரும்பும், தெளிந்த திரவம் பக்கவாட்டில் வெளியேறும். அதே அளவுக்குப் புதிய ஊடகம் உள்ளே வரும். கலனின் கொள்ளளவைப் போல ஒரு மடங்கோ இரண்டு மடங்கோ திரவம் ஒரே நாளில் மாறிவிடும். கழிவு சேர்வதில்லை, உணவு தீர்வதில்லை. செல்கள் மில்லிலிட்டருக்கு 5 கோடி, 10 கோடி என்று நெருங்கி வளரும்.

அவை பெருகிக்கொண்டே இருக்கும் என்பதால், செல்கள் கலந்த திரவத்திலும் தினமும் கொஞ்சத்தை வெளியேற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் கலன் குழம்பாகிவிடும், ஆக்சிஜன் போதாது. எவ்வளவு வெளியேற்றுவது என்பதை மின்தேக்கத் திறனை அளக்கும் ஒரு சென்சார் சொல்லும். உயிருள்ள செல்லின் சவ்வு மின்புலத்தில் மின்னேற்றத்தைப் பிரித்துவைக்கும், செத்த செல்லின் கிழிந்த சவ்வுக்கு அது முடியாது என்பதால் இந்தக் கணக்கு சாத்தியமாகிறது. இப்படி வெளியேற்றும் திரவத்தோடு மருந்தும் கொஞ்சம் போய்விடும். அந்த இழப்பைத் தவிர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

இழைகள் அடைபடுவதும் திடீரென்று நடக்காது. முதலில், கலனுக்குள் இருக்கும் புரதச் செறிவுக்கும் வெளியே வரும் திரவத்தின் செறிவுக்கும் இடையே ஓர் இடைவெளி விழும். செல்களை மட்டும் நிறுத்த வேண்டிய வடிகட்டி மருந்தையும் சேர்த்து நிறுத்தத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அழுத்தமானியில் எதுவும் தெரியாது, வெளியேறும் அளவும் குறையாது. பெர்ஃப்யூஷன் நடத்துகிறவர்கள் தினமும் முதலில் பார்க்க வேண்டிய எண்களில் இந்த இடைவெளியும் ஒன்று.

பலன் எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போடலாம். 2,000 லிட்டர் கலன், நாளுக்கு ஒன்றரை மடங்கு ஊடகம், லிட்டர் கலனுக்கு ஒரு நாளில் 2 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 4 கிலோ, 25 நாளில் 100 கிலோ. 15,000 லிட்டர் கலன் ஓர் ஓட்டத்தில் தந்ததைவிட அதிகம், அதுவும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைக்குள். இதே கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 25 நாளில் 75,000 லிட்டர் ஊடகம் செலவாகும். கிலோவுக்கு 750 லிட்டர். ஃபெட்-பேட்சில் அதே கிலோவுக்கு 200 லிட்டர் போதும். கலன் சிறிதாகிவிட்டது என்று மகிழ்ந்தவர்கள், ஊடகம் தயாரிக்கும் அறை பெரிதாவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். செறிவான ஊடகமாகச் செய்து கடைசி நேரத்தில் நீர் கலப்பது ஒரு வழி. செல்லுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுவரை ஊடகத்தைக் குறைப்பது இன்னொரு வழி.

தரத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. எனக்கு உற்பத்தி அளவைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஃபெட்-பேட்சில் ஐந்தாம் நாள் பிறந்த மூலக்கூறும் பதினான்காம் நாள் பிறந்த மூலக்கூறும் ஒன்றாகக் கலந்துதான் அறுவடையாகின்றன. முதலாவது ஒன்பது நாள் வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. பிறந்த சூழலும் வேறு: அப்போது செல்கள் இளமையாக இருந்தன, இப்போது களைத்துவிட்டன. ஆகவே அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் வேறுபடலாம். பெர்ஃப்யூஷனில் ஒவ்வொரு மூலக்கூறும் சராசரியாக ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோதான் கலனுக்குள் இருக்கிறது. ஓட்டம் நிலைபெற்றுவிட்டால் இருபதாம் நாளின் புரதமும் நாற்பதாம் நாளின் புரதமும் கிட்டத்தட்ட ஒரே சூழலில் பிறந்தவை.

பின்பாதியை இணைப்பது

முன்பாதியோடு சுத்திகரிப்பையும் இணைக்க முடியும் என்பதை 2012-இல் ஜென்சைம் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. பெர்ஃப்யூஷன் கலனிலிருந்து நேராகப் பல தூண் குரோமட்டோகிராஃபிக்குத் திரவத்தை அனுப்பி வாரக்கணக்கில் ஓட்டினார்கள்.

பல தூண் எதற்கு? புரோட்டீன்-ஏ என்பது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் புரதம். ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தை ஒட்டவைத்த ரெசின், அதாவது தூணுக்குள் நிரப்பும் நுண்மணிகள், மிக விலை உயர்ந்தது. பேட்ச் முறையில் ஒரே ஒரு பெரிய தூணில் திரவத்தை ஏற்றுவார்கள். தூண் நிறைவதற்கு முன்பே ஆன்டிபாடி அடிவழியே கசியத் தொடங்கும். கசிந்தது கழிவில் போய்விடும் என்ற பயத்தில், முழுக் கொள்ளளவு எட்டும் முன்பே நிறுத்திவிடுவார்கள். விலை உயர்ந்த ரெசினில் ஒரு பகுதி எப்போதுமே சும்மா இருக்கும். இரண்டு சிறிய தூண்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் முதல் தூணில் கசிவதை இரண்டாவது பிடித்துக்கொள்ளும். முதல் தூண் நிரம்பியதும் அதைக் கழற்றிக் கழுவி, ஆன்டிபாடியை இறக்கி, சுத்தப்படுத்தி, வரிசையின் கடைசியில் மறுபடி சேர்க்க வேண்டும். இதற்குள் மூன்றாவது தூண் வேலையில் இறங்கியிருக்கும். கையால் எதையும் கழற்றுவதில்லை, எல்லாம் வால்வுகள் திறந்து மூடுவதில் நடக்கிறது. பெட்ரோலியத் துறை 1960-களிலேயே இதற்கு நெருங்கிய உத்தியால் ஹைட்ரோகார்பன்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. மருந்துத் துறை அதைப் பிந்தித்தான் கையில் எடுத்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட தூண் வரிசையின் உள்வாய் தொடர்ச்சியாக இருக்கிறது, வெளிவாய் அப்படி இல்லை. ஆன்டிபாடி அலை அலையாகத்தான் வெளியே வருகிறது. அலையின் நடுவில் செறிவு அதிகம், ஓரத்தில் குறைவு. பிஎச் அளவும் அலைக்குள்ளேயே மாறும். அடுத்த படிக்குச் சீரான ஓட்டம் வேண்டுமென்றால் நடுவில் ஒரு சிறு கலன் வைத்துச் சமன்செய்யத்தான் வேண்டும். 'முழுத் தொடர் உற்பத்தி' என்று அறிவிக்கப்படும் அமைப்புகளைத் திறந்து பார்த்தால் இப்படிப்பட்ட குட்டிக் கலன்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு பம்ப் பத்து நிமிடம் நின்றாலும் வரிசை முழுவதும் நின்றுவிடாமல் காப்பாற்றுவது அந்தக் குட்டிக் கலன்தான்.

அடுத்தது வைரஸ் படி. பேட்ச் முறையில் இதைவிட எளிய வேலை கிடையாது. கலனில் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 3.5 அருகே கொண்டுவந்து, கலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் காத்திருந்து, காரம் சேர்த்துச் சமன்படுத்த வேண்டியதுதான். உள்ளே இருந்த ஒவ்வொரு துளியும் ஒரு மணி நேரம் அமிலத்தில் இருந்தது என்று சத்தியம் செய்யலாம். இதையே ஓடும் குழாயில் செய்தால்? மெதுவாக ஓடும் குழாயில் சுவரை ஒட்டிய திரவம் தயங்கும், நடுவில் ஓடுவது சராசரியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும். சராசரியாக ஒரு மணி நேரம் தங்கும்படி குழாய் அமைத்தாலும் நடுவில் ஓடியது அரை மணியிலேயே தப்பித்துவிடும். ஒரு வைரஸ் அந்த நடுவழியில் போயிருந்தால்?

இதற்கு அழகான ஒரு விடை இருக்கிறது. குழாயைச் சுருளாகச் சுற்றினால் வளைவில் திரவம் தனக்குள்ளேயே சுழன்று நடுவும் ஓரமும் கலக்கும். சில சுற்றுக்கு ஒருமுறை சுருளின் திசையை 90 டிகிரி திருப்பினால் கலப்பு இன்னும் நன்றாக நடக்கும். சக்சேனாவும் நிகமும் 1984-இல் விவரித்த இந்தத் திருப்புச் சுருள், அப்போது மருந்துக்காக யோசிக்கப்பட்டதே இல்லை. இன்று ஓடும் நிலையில் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் அமைப்புகளில் அது ஒரு முக்கியத் தேர்வு. ஆனால் இரண்டு சிறிய கலன்களை மாற்றி மாற்றி நிரப்பும் வழியும் பரவலாக இருக்கிறது: ஒன்று நிரம்பும்போது மற்றொன்று ஒரு மணி நேரம் காத்திருக்கும். ஓட்டம் என்ற தத்துவத்துக்கு இது சற்று மாறானதுதான். என்னைக் கேட்டால், நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் எளிதாக நிரூபிக்கக்கூடிய வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

கையெழுத்து எங்கே போனது

நடுவில் நின்று முடிவெடுக்க இடமில்லாத வரிசையில், எடுக்க வேண்டிய முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். எந்த எண் எந்த எல்லையைத் தாண்டினால் ஓட்டத்தைத் திசைதிருப்பிக் கழிவுக்கு அனுப்புவது? எவ்வளவு நேரத்துக்கு? மறுபடி எப்போது உள்ளே விடுவது? இதற்கு, ஒவ்வொரு படியிலும் திரவம் எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் ஒரு வால்வு தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தின் நிழல் கடைசிக் குழாயை எப்போது எட்டும், எப்போது கடந்துபோகும் என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் சில லிட்டர்களை மட்டும் ஒதுக்கலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதுதான்.

சட்டம் இதற்குத் தடை என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. 'பேட்ச் இல்லாவிட்டால் எதைத் திரும்பப் பெறுவது, எதற்கு எண் போடுவது?' என்று கேட்டார்கள். அமெரிக்க விதிகளைப் படித்தால் பேட்ச் என்பது ஒரே உற்பத்தி ஆணையின்படி, ஒரே உற்பத்திச் சுற்றில் தயாரான ஒரு குறிப்பிட்ட அளவு, அவ்வளவுதான். அது ஒரு கலனில் இருந்தாக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. சர்வதேச ஒருங்கிணைப்பு அமைப்பான ஐ.சி.எச்., 2022 நவம்பரில் ஏற்றுக்கொண்ட கியூ13 வழிகாட்டி இதை இன்னும் தெளிவாக்கியது. வெளியே வந்த அளவு, உள்ளே போன அளவு, அல்லது குறிப்பிட்ட ஓட்ட வேகத்தில் ஓடிய நேரம், இவற்றில் எதை வைத்தும் பேட்சை வரையறுக்கலாம். வைரஸ் பாதுகாப்புக்கான கியூ5ஏ வழிகாட்டியின் 2023 திருத்தமும் தொடர் உற்பத்தியைப் பற்றிப் பேசுகிறது.

மாத்திரை உலகம் இந்த வழியில் முன்னமே போய்விட்டது. 2015-இல் அனுமதி பெற்ற வெர்டெக்ஸின் ஓர்காம்பி தொடர் முறையில் தயாரானது. ஏற்கனவே பேட்சில் தயாராகிக்கொண்டிருந்த ஜான்சனின் பிரெசிஸ்டா 2016-இல் அனுமதியோடு தொடர் முறைக்கு மாறியது. மாத்திரைப் பொடி இயந்திரத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும், அகச்சிவப்புக் கதிரால் உடனுக்குடன் அளந்துவிடலாம். உயிரி மருந்தில் அப்படி இல்லை. லேசர் ஒளி சிதறுவதை வைத்து அளக்கும் ராமன் நிறமாலை குளுக்கோஸையும் லாக்டேட்டையும் உடனே சொல்லும், ஆனால் கிருமி நுழைந்ததா என்று எந்தச் சென்சாரும் உடனே சொல்லாது.

2009-இல் ஜென்சைமின் ஆல்ஸ்டன் ஆலையில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெசிவைரஸ் 2117 என்ற வைரஸ் பயோரியாக்டருக்குள் புகுந்தது. மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாத வைரஸ், ஆனால் ஹாம்ஸ்டர் செல்களைப் பாதித்துவிட்டது. சுத்தப்படுத்த ஆலையையே நிறுத்தினார்கள். செரிசைமுக்கும், ஃபேப்ரி நோய்க்கான ஃபேப்ரசைமுக்கும் கடும் தட்டுப்பாடு, நோயாளிகள் டோஸைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொடர் உற்பத்திதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றிரண்டு மாதம் ஓடும், பல்லாயிரம் லிட்டர் ஊடகத்தைக் குடிக்கும் அமைப்பில் உள்ளே வரும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு வாசல்தான். ஊடகத்தைச் சில நொடிகள் உயர் வெப்பத்தில் கடத்துவதோ, வைரஸ் வடிகட்டி வழியே அனுப்புவதோ இங்கே ஆடம்பரம் ஆகாது.

சரி, ஏன் எல்லோரும் மாறவில்லை? பணம் போட்டுக் கட்டிய எஃகு ஆலைகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஏற்கனவே அனுமதி பெற்ற மருந்தின் முறையை மாற்றினால், புதிய புரதமும் பழைய புரதமும் ஒன்றுதான் என்று சர்க்கரைச் சங்கிலிவரை நிரூபிக்க வேண்டும். அதனால் தொடர் முறை பெரும்பாலும் புதிய மருந்திலும் புதிய கட்டடத்திலும்தான் இடம்பிடிக்கிறது. சனோஃபி 2019-இல் ஃபிரேமிங்ஹாமில் திறந்த ஆலை அப்படிப் புதிதாகக் கட்டிய ஒன்று.

ஆரவாரம் இல்லாமல் பரவியிருப்பது ஒரு நடுவழி. பெரிய கலனுக்கு முந்தைய வளர்ப்புக் கலனை மட்டும் பெர்ஃப்யூஷனில் ஓட்டுவார்கள். அங்கே நெருக்கமாக வளர்ந்த செல்களைப் பெரிய கலனில் விடும்போது மில்லிலிட்டருக்குச் சில லட்சத்தில் தொடங்குவதற்குப் பதிலாகச் சில பத்து லட்சத்தில், சில இடங்களில் ஒரு கோடிக்கு அருகில் தொடங்கலாம். வளர்வதற்கு மட்டும் செலவான நாட்கள் மிச்சம். பழைய கலன் அப்படியே இருக்கும், அதிலிருந்து ஆண்டுக்குக் கூடுதல் ஓட்டங்கள் கிடைக்கும்.

முழு வரிசையையும் இணைத்துவிட்ட இடங்களிலும் கடைசியில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. செறிவூட்டிய மருந்துத் திரவம் பைகளில் நிரப்பப்பட்டு உறைவிப்பானுக்குள் போகிறது. மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான வளர்ப்புச் சோதனைக்கு 28 நாள் ஆகும். விரைவான மரபணுச் சோதனைகள் மெல்ல அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. கலனுக்குள் ஒரே ஒரு நாள் இருந்து, ஓரிரு நாளில் சுத்திகரிக்கப்பட்டு வந்த மூலக்கூறு, பழைய சோதனையின் முடிவுக்காக அந்த உறைவிப்பானுக்குள் நான்கு வாரம் காத்திருக்கிறது.